திகதி இல்லாத பேணி

இந்த நாட்டில் குழந்தையைக் காரில் இருத்தும் இருக்கைக்கும் காலாவதித் திகதி உண்டு. வந்த புதிதில் அதை அறிந்தபோது, பிளாஸ்டிக்கும் பஞ்சும் எப்படியப்பா பழுதாகும் என்று கணவரிடம் கேட்டுச் சிரித்தேன். பாலுக்கும் பாணுக்கும் திகதி இருப்பது நியாயம். உப்புக்கு எதற்கு? கடலில் அத்தனை காலம் பழுதாகாமல் கிடந்த உப்பு, பக்கெற்றுக்குள் போனதும் பழுதாகிவிடுமா? கூரையில் பூட்டியிருக்கும் புகைமணிக்குக்கூட ஆயுள் குறித்திருக்கிறார்கள். ஆயுள் முடிகிற நேரம் அது பறவைக்குஞ்சு போலக் கீச்சிட்டுத் தன் மரணத்தைத் தானே அறிவிக்கிறது.

ஊரில் நாங்கள் திகதி பார்த்ததில்லை. மூக்கால் பார்த்தோம். மாவுக்கும் எண்ணெய்க்கும் கருவாட்டுக்கும் மூக்குத்தான் தீர்ப்புச் சொன்னது. பொருட்களின் வயதை நாட்காட்டியால் அல்ல, இடப்பெயர்வுகளால் கணக்கிட்டோம். இது முதல் ஓட்டத்துக்கு முந்தின தையல் மெஷின், இது திரும்பி வந்தபிறகு வாங்கின வாளி என்றால் வீட்டில் எல்லாருக்கும் வருடம் விளங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. எங்கள் வீடுகளில் எந்தத் தகரப் பேணிக்குள்ளும் அதன் மேல் எழுதியிருக்கும் பொருள் இருப்பதில்லை. பால்மாப் பேணிக்குள் சீனி, பிஸ்கற் பெட்டிக்குள் ஊசியும் நூலும், தேயிலைத் தகரத்துக்குள் மிளகாய்த்தூள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல்தான் எங்களுக்கு விளக்கு. இறுக்கமான மூடியுள்ள பேணியை எறிகிற மனிதரை நான் யாழ்ப்பாணத்தில் கண்டதில்லை. ரொறன்ரோவுக்கு வந்து பாதி வாழ்க்கை போனபிறகும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. சென்ற சித்திரையில் அது எங்கள் வீட்டையே தெருவுக்குக் கொண்டுவந்தது.

அஜின்கோர்ட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். ஊரில் விஞ்ஞானம் படித்தவள் என்பதால் இங்கே சில பாடங்களை மீண்டும் படித்து அந்த வேலைக்குப் போனேன். தட்டுகளில் உள்ள மருந்துகளின் திகதியைப் பார்த்து, முடிந்தவற்றையும் முடியப் போகிறவற்றையும் பிரித்தெடுப்பது என் பொறுப்பில் ஒன்று. அந்தக் கண் வீட்டுக்கும் என்னோடு வந்துவிடுகிறது. விருந்துக்குப் போன வீட்டில் சோஸ் போத்தலைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். “கவனமா இரும், ஒருநாளைக்கு உம்மையும் திகதி பாத்து எடுத்துப்போடுவினம்” என்பார் என் கணவர் பரா. அவருக்குப் பயம் என்பது தெரியாது. வீட்டில் அந்த வேலையை நான் தனியாகச் செய்துவருகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், அபி. இங்கே பிறந்தவள். தன்னோடு வேலை செய்யும் டானியலைக் கலியாணம் செய்யப் போவதாக மார்கழியில் சொன்னாள். வெள்ளைக்காரப் பிள்ளை. வீட்டுக்கு வந்தான், சோற்றைக் கையால் சாப்பிட்டான், கோப்பையைக் கழுவி வைத்தான். பராவுக்கு அன்றைக்கே சரி. எனக்கும் குறை தெரியவில்லை, அபி அவனுடைய தகப்பனைப் பற்றிச் சொல்லும்வரைக்கும்.

“கிளென் டார்கெட் ஷூட்டிங் செய்யிறவர் அம்மா. பேப்பருக்குத்தான் சுடுறவர். இட்ஸ் ஜஸ்ட் எ ஹொபி.”

“துவக்கு வைச்சிருக்கிறாரோ?”

“லைசன்ஸ் இருக்கு. பூட்டித்தான் வைச்சிருக்கிறார். அவரின்ர அப்பா காலத்தில இருந்தே பேஸ்மென்ற்ல தாங்களே ரீலோட் பண்ணுவினமாம். யூ நோ, சுட்ட வெறுங்கோதுக்குள்ள திரும்ப வெடிமருந்து போட்டு, புதுத் தோட்டா மாதிரிச் செய்யிறது.”

அவள் கேக் செய்முறை சொல்வது போலச் சொன்னாள். வெடிமருந்தின் வாசனை ஒருநாளும் என் பிள்ளையின் மூக்குக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் நாட்டையே விட்டு வந்தோம். இப்போது அவள் தானாகவே நடந்து, வெடிமருந்து இருக்கிற வீட்டுக்கு மருமகளாகப் போகப் போகிறாள். நாளை ஒரு பேரப்பிள்ளை அந்தப் பேஸ்மென்ற் படிகளில் தவழ்ந்து இறங்கும். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுக்க முடியவில்லை. “பாப்பம்” என்றேன். எங்கள் ஆட்களின் ‘பாப்பம்’ எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு மண்டபம் பதிவு செய்ய முடியாது. அபி தை, மாசி, பங்குனி என்று காத்திருந்தாள். முன்பு வேலையில் இருந்து தினமும் போன் எடுப்பவள், கிழமைக்கு ஒரு தடவை எடுத்தாள். நான்தான் அவளைத் தூரமாக்கிக்கொண்டிருந்தேன். தெரிந்தும் அந்த ஒரு சொல்லைத் தாண்ட முடியவில்லை.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை. வெளியே பனி உருகிச் சகதியாகக் கிடந்தது. கறித்தூள் முடியப் போகிறது, புதிதாக வறுக்க வேண்டும். கனடாவில் வீட்டுக்குள் மிளகாய் வறுக்கிற தமிழர் இல்லை. வறுத்தால் புகைமணி அலறும், பக்கத்து வீடு கதவைத் தட்டும். ஆகவே காரை வெளியே விட்டு, கராஜுக்குள் மின்னடுப்பை வைத்து, கதவை அரைவாசி திறந்துவிட்டு வறுப்போம். தெருவில் எந்த வீட்டில் யாழ்ப்பாணத்தார் இருக்கிறார்கள் என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்கலாம். மல்லி வறுத்து முடித்தேன். மிளகாயைத் தாச்சியில் போட்டுக் கிளறினேன். மல்லியை மில்லுக்குக் கொண்டுபோகப் பாத்திரம் போதவில்லை. சுற்றிப் பார்த்தேன். தட்டில், குளிர்காலச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், முதல் நாள் இல்லாத ஒரு வாழைப்பழப் பெட்டி இருந்தது. அதற்குள் பேணிகள்.

எவ்வளவு அழகான பேணிகள் என்று சொன்னால் என்னை மன்னிப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும். ஒன்று சதுரத் தகரம், சிறு திருகு மூடி. சிலவற்றுக்கு உடம்பு மட்டை, தலையும் அடியும் தகரம். கலியாண மேசைகளில் விண்டேஜ் பேணிகளுக்குள் பூ வைக்கப் போவதாக அபி எப்போதோ சொல்லியிருந்தாள். பிள்ளை என் ‘ஓம்’ வராமலே கலியாணச் சாமான் சேர்க்கத் தொடங்கிவிட்டாள் என்று ஒரு கணம் நெஞ்சு கனத்தது. பிறகு, அத்தனை பேணிகளில் ஒன்றைக் கழுவி நான் எடுத்தால் என்ன என்று தோன்றியது. சதுரத் தகரத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் வந்தேன். பாரமாக இருந்தது. மூடியைத் திருகினேன். உள்ளே தேயிலைத் தூள் போல, அதைவிடக் கொஞ்சம் மினுக்கமாக, கரும் சாம்பல் நிறத்தில் ஏதோ. ஒரு கையால் மிளகாயைக் கிளறிக்கொண்டு, மறு கையால் பேணியைத் திருப்பித் திகதி தேடினேன். அடியில் இல்லை, மூடியில் இல்லை, பக்கத்தில் இல்லை. திகதி இல்லாத பொருள் கனடாவில் இருக்காதே என்று லேபிளை முழுதாக வாசித்தபோதுதான், துவக்குத் தோட்டாவுக்கான புகையில்லா வெடிமருந்து, நெருப்புக்குத் தூரமாக வைக்கவும் என்ற வரியைக் கண்டேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் அடுப்புச் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு செய்தவற்றை நான் யோசித்துச் செய்யவில்லை. மூடியை இறுக்கினேன். அடுப்பு வயரைப் பிடுங்கினேன். பேணியைப் பச்சைக்குழந்தை போல இரண்டு கையாலும் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தேன். வீட்டுக்குள் ஓடி வாசல் அலுமாரியைத் திறந்து பையை எடுத்தேன். என் வயதுக்காரர் வீடுகளில் அந்தப் பை இன்னும் இருக்கும்: பாஸ்போர்ட்டுகள், பிறப்புப் பத்திரங்கள், காணி உறுதி, தாலிக்கொடி. “வெளிக்கிடுங்கோ, எல்லாரும் வெளிக்கிடுங்கோ” என்று நான் போட்ட சத்தம் இருபத்தெட்டு வயதில் போட்ட அதே சத்தம். பரா குளியலறையில் இருந்து துவாயோடும் என்னுடைய குளிர்க்கோட்டோடும் வந்தார். எங்கள் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் சுகன்யா, திருச்சிப் பிள்ளை, கணினி வேலை. அவள் மடிக்கணினியை ஏந்தியபடி ஏறி வந்தாள்.

“ஆன்ட்டி, என்ன ஆச்சு? நான் மீட்டிங்ல இருக்கேன்.”

“வெடிமருந்து. கராஜுக்குள்ள. நட பிள்ளை.”

“சாரி, ஐ ஹேவ் டு ட்ராப்” என்று கணினியிடம் சொல்லிவிட்டு அவள் எங்களை முந்திக்கொண்டு ஓடினாள்.

நான்கு வீடு தள்ளி, ஒரு மேப்பிள் மரத்தின் கீழ் நின்றோம். மரத்தடி மறைப்பு என்பது எங்களுக்கு ஊரில் பழகியது. இலையில்லாத மரம் எதையும் மறைக்காது என்பது அப்போது மூளையில் ஏறவில்லை. பரா தலையைச் சொறிந்தார். அபி முதல்நாள் மாலை அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம், ஒரு நாளைக்குத்தான் என்று கேட்டுத் தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கிளென் யூனியன்வில் வீட்டை விற்கிறார், வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள், பேஸ்மென்ற்றில் இதெல்லாம் இருக்கக்கூடாது என்று விற்பனை முகவர் சொல்லிவிட்டார்.

“அப்ப எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீர் மரத்துக்குக் கீழ நிப்பீர் எண்டுதான்.”

“நைன் ஒன் ஒன் கூப்பிடலாமா அங்கிள்?” என்றாள் சுகன்யா.

பராவும் நானும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். அதற்கான காரணத்தை அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஈழத்தமிழர் வீடு, கராஜ், பெட்டி நிறைய வெடிமருந்து. ஹெலிகொப்டர் கமரா மேலே நிற்கும், பரா துவாயோடு செய்தியில் வருவார். சுகன்யா, “நானும் உங்க கூடத்தான் இருந்தேன்னு எழுதுவாங்கல்ல?” என்று போனைப் பைக்குள் வைத்தாள். அபிக்கு அழைத்தேன். அவள் திட்டவில்லை. “கிளென் பக்கத்திலதான் நிக்கிறார். நானும் வாறன். பிளீஸ் அம்மா, அங்கேயே நில்லுங்கோ” என்றாள். அவளுக்கு வெடிமருந்தைப் பற்றிப் பயம் இல்லை. என்னுடைய ‘பாப்பம்’ இனி ‘இல்லை’ ஆகிவிடும் என்ற பயம்.

கிளென்னை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எழுபது வயதிருக்கும், பெரிய உடம்பு, கழுவிக் கழுவி வெளிறிய நீலச் சேட்டு. வண்டியை விட்டு இறங்கி எங்கள் கராஜ் வாசலுக்குப் போனவர், மூச்சை இழுத்தார். உடனே இருமினார். கண்ணைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். முகம் வெளிறிவிட்டது. எங்களைப் பார்த்து இரண்டு கையாலும் இன்னும் தள்ளிப் போகும்படி சைகை காட்டினார். பழைய வெடிமருந்து கெட்டுப்போனால் புளித்த, உறைக்கிற புகை விடுமாம். தன் வாழ்க்கையில் இவ்வளவு மோசமாகக் கெட்டதை அவர் முகர்ந்ததில்லை.

“எவ்வளவைத் திறந்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

“இரண்டு கிலோ” என்றேன்.

“இரண்டு கிலோவா? அதை என்ன செய்தீர்கள்?”

“வறுத்தேன்.”

மனிதர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அபிதான் ஓடி வந்து மூக்கைச் சுருக்கி, ஒரே நொடியில் விளங்கிக்கொண்டாள். “கிளென், அது மிளகாய்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அம்மா, அவர் கன்பவுடரைக் கேக்கிறார்” என்றாள். கிளென் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவருடைய தூளுக்கு நானும் என்னுடைய தூளுக்கு அவரும் பயந்து, இருவரும் தெருவில் கண்ணீரோடு நின்றோம். முதலில் சிரித்தது பரா. சிரித்ததில் துவாய் நழுவப் பார்த்தது. அவரை வீட்டுக்குள் அனுப்பினோம்.

கிளென் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஒரு தடவை அல்ல. அந்தப் பெட்டியை எனக்குச் சொல்லாமல் இங்கே வைத்தது தன் பிழை என்றார். பெட்டியை அன்றே எடுத்துப் போவதாகச் சொன்னார். ஆனால் தூக்குவதற்கு முன் ஒவ்வொரு பேணியும் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், நான் திறந்ததை முதலில். எல்லாம் தன் தகப்பன் விட்டுப்போனவை, இருட்டுப் பேஸ்மென்ற்றில் அவற்றைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்றார். வெளிச்சமான இடம் வேண்டும். பரா பிறந்தநாள் விழாக்களுக்கு விரிக்கிற மடிப்பு மேசையைக் கொண்டுவந்து, வீட்டுக்கும் தாச்சிக்கும் தூரமாக, ட்ரைவ்வேயின் தெருப்பக்கத்தில் விரித்தார். நான் மரத்தடியில் இருந்து ஒரு வீடு கிட்ட வந்தேன். பிறகு இன்னொரு வீடு. பையைத் தோளில் இருந்து இறக்கவில்லை.

“இதுகளில் திகதி இல்லை” என்றேன் தூரத்தில் இருந்தே. குற்றம் சாட்டுவது போலத்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அதுதான் என் தலைவலி” என்றார். “வயது தெரியாததை நான் தொடமாட்டேன். எதன் மேல் எது எழுதியிருக்கிறதோ அதற்குள் அதுதான் இருக்கிறது என்று நிச்சயமில்லாததையும் தொடமாட்டேன். என் தந்தை எல்லாப் பேணியையும் திரும்பப் பாவிக்கிறவர். எறியமாட்டார்.”

நான் மேசைக்கு வந்துவிட்டேன்.

திகதி இல்லாத பெட்டியின் வயதைக் கண்டுபிடிப்பது எனக்கு வேலை. யாராவது இறந்த முதியவரின் மருந்து அலுமாரியை அப்படியே பைக்குள் போட்டு எங்கள் கடைக்குக் கொண்டுவருவார்கள். “பிரெஞ்சு இருக்கோ எண்டு பார்” என்று அபியிடம் சொன்னேன். இந்த நாட்டில் எழுபதுகளுக்குப் பிறகு வந்த பெட்டிகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கும். சதுரத் தகரத்தில் பிரெஞ்சு இல்லை. கிளென்னுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடைக்காரனின் விலைச்சீட்டில் இருந்த முகவரியைக் காட்டினார். ரொறன்ரோ என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை இலக்கம் மட்டும். இப்போதுள்ள எழுத்தும் எண்ணும் கலந்த தபால் குறியீடு வருவதற்கு முன் நகரத்தை அப்படி இலக்கமிட்டுப் பிரித்திருந்தார்களாம். அப்படியானால் அது நாங்கள் இருவரும் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்துப் பேணி. இன்னொன்றில் நிறை இறாத்தலில் மட்டும், வேறொன்றில் கிராமும் சேர்ந்து. கடைசியில் ஒன்றில் கோடு கோடாக பார்கோட். அபி போனில் ஒவ்வொன்றையும் படம் பிடித்தாள். நான் சொல்ல, கிளென் தலையாட்ட, கிளென் சொல்ல, நான் மறுக்க, இரண்டு பேரும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே பேணியின் மேல் குனிந்து நின்றோம்.

அடுத்தது மூக்கு. நல்ல வெடிமருந்து நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி லேசாக இனிப்பாய் மணக்கும் என்றார். கெட்டது புளித்து மூக்கில் அடிக்கும், செந்நிறத் தூசி படியும், தகரத்தின் உட்புறம் துருப்பிடிக்கும். நான் திறந்த சதுரப் பேணியை முகர்ந்து பார்க்கச் சொல்லி நீட்டினார். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் அவருக்கு விளங்கியது. தான் முதலில் முகர்ந்து, அதைக் காட்டி, மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். நான் குனிந்தேன். நான் எதிர்பார்த்த வாசனை வரவில்லை. ஷெல் விழுந்த வளவில் நாட்கணக்காக நிற்கிற அந்தக் கரிந்த மணம் இதில் இல்லை. எரிந்த பிறகு வருகிறதைத்தான் எனக்குத் தெரியும். எரியாமல், சும்மா ஒரு பேணிக்குள் படுத்திருக்கிற வெடிமருந்தை நான் அதுவரை சந்தித்ததில்லை. புளிப்பு மட்டும் தெரிந்தது, வெளியே வைத்து மறந்த தோசைமா போல. “இது பழுது” என்றேன். அவர் மூடியின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். செந்தூசி.

பச்சை மட்டைப் பேணி ஒன்றை அவர் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். வாசனை நன்றாகவே இருந்தது. தகப்பன் கடைசியாகப் பாவித்தது அதுதான் என்றார். எனக்கு மூடி உறுத்தியது. உடம்பில் பிரெஞ்சு இல்லை. மூடியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பொறித்திருந்தது. “உடம்பு ஒரு காலம், தலை இன்னொரு காலம்” என்று காட்டினேன். “எங்கட வீட்டுத் தேயிலைத் தகரம் மாதிரி. பேணிக்கு வயது சொல்லலாம். உள்ளுக்கு இருக்கிறதுக்குச் சொல்லேலாது.” அபி மொழிபெயர்த்தாள். கிளென் அதை எறிய வேண்டியவற்றின் பக்கம் வைத்தார். தகப்பனின் கைபட்ட பொருள். நல்ல வாசனை. ஆனாலும் ஒரு சந்தேகத்துக்காக அதை விட்டார். துவக்கு வைத்திருக்கிறவர்கள் எதற்கும் பயப்படாதவர்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இந்த மனிதர் என்னைவிடப் பயந்தவராக இருந்தார், ஆனால் எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று அளவு தெரிந்து பயந்தார். எனக்கு அந்த அளவு ஒருநாளும் கிடைத்ததில்லை.

கடைசியில் பார்கோட் உள்ள சிவப்புப் பேணி மட்டும் மிஞ்சியது. மூடியின் கீழ் கம்பெனி ஒட்டிய முத்திரை கிழியவே இல்லை. தகப்பன் வாங்கி வைத்துத் திறக்காமலே போய்விட்டார். கிளென் அதைத் திறந்தார். சுத்தம், இனித்த மணம். அவர் மூக்கை உறிஞ்சியது வெடிமருந்துக்காக மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். இதை ஒரு தடவை கிளப்பில் சுட வேண்டும், அப்பாவுக்காக என்றார்.

நான் அவரிடம் நேராகவே கேட்டேன். “என் மகளின் கலியாணத்துக்குப் பிறகு இதை விட்டுவிடுவீர்களா?”

“அம்மா” என்றாள் அபி.

அவர் அவசரப்படவில்லை. “இல்லை” என்றார். “உங்களைச் சமாதானப்படுத்த விடுவேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் நான் இதைப் பயமில்லாமல் ஒருநாளும் தொட்டதில்லை. பயம் போகிற அன்றைக்கு எல்லாவற்றையும் விற்றுவிடுவேன். பிள்ளைகளின் வீட்டுக்குள் ஒரு துளியும் வராது. இனி உங்கள் வீட்டுக்குள்ளும்.” அவர் விடுவேன் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

நான்கு மணிக்குச் சாப்பிட்டோம். கருகிய மிளகாயைக் கொட்டிவிட்டு, பழைய தூளின் கடைசிக் கரண்டியில் வைத்த கோழிக்கறி. கெட்ட பேணிகளை என்ன செய்வது என்று பரா கேட்டார். வெடிமருந்தில் பயிருக்கு வேண்டிய சத்து உண்டு, தன் தகப்பன் பழுதானதைப் புல்லில் மிக மெல்லிசாகத் தூவித் தண்ணீர் விடுவார் என்றார் கிளென். எங்கள் பின்வளவில் புல் வழுக்கை விழுந்து கிடந்தது. பராவின் முகம் மலர்ந்தது. “இலவச உரம்” என்றார். அவருக்குப் பயம் தெரியாது என்று முன்பே சொன்னேன். தூவியது கிளென்தான், கோழிக்குத் தவிடு போடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக, காற்றுப் பார்த்து. பரா பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு போனார்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்கு வடக்கே இருக்கும் அந்தக் கிளப்புக்கு எங்களையும் அழைத்தார். தகப்பன் காலத்துக் கையேட்டையும் இப்போதைய கையேட்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் குறைந்த அளவை எடுத்து, அதிலும் குறைத்து, அந்தச் சிவப்புப் பேணி மருந்தில் சில தோட்டாக்கள் செய்திருந்தார். தெரியாத வீட்டு உப்பை நான் போடுகிற மாதிரித்தான். நான் காருக்குள்ளேயே இருப்பேன் என்று சொல்லிப் போனேன். கண்ணாடியை ஏற்றினேன். பிறகு, காருக்குள் இருந்து கேட்பதுதான் மோசம் என்று தெரிந்தது, எங்கே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. காதுக்கு அவர்கள் தந்த கவசத்தைப் போட்டுக்கொண்டு அபியின் பக்கத்தில் போய் நின்றேன்.

கிளென் சுட்டார். நான் எண்ணத் தொடங்கினேன். ஊரில் இராணுவ முகாமில் இருந்து ஷெல் கிளம்புகிற குத்துச் சத்தம் கேட்டதும் எண்ணுவோம். அது விழுகிற சத்தம் வரும்வரை எண்ணுவோம். எங்கள் பக்கமா, அடுத்த ஊர்ப் பக்கமா என்று அந்த எண்ணிக்கையில் இருந்து தெரியும். இவ்வளவு காலம் கழித்தும் என் உதடுகள் தாமாக அசைந்தன. எண்ணினேன், எண்ணிக்கொண்டே போனேன். எதுவும் எங்கேயும் விழவில்லை. ஒரு காகம் திட்டிவிட்டுப் பறந்தது. அபி என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கிளென் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். நடு வட்டத்துக்குச் சற்று வெளியே சின்ன ஓட்டைகள். “அப்பா என்னைவிட நன்றாகச் சுடுவார்” என்றார் வெட்கத்தோடு.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் நெரிசல். அபி பின் இருக்கையில் இருந்தாள்.

“ஆவணியில மண்டபம் கிடைக்குமோ எண்டு கேட்டுப் பார்” என்றேன், ஜன்னலைப் பார்த்தபடி.

பரா கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, பிள்ளையை அழவைச்சிட்டீர்” என்றார்.

“அவள் அழட்டும். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ. மற்றது, அந்தப் பேணிகளைக் கழுவித் தரச் சொல்லிச் சம்பந்தியிட்டைச் சொல்லுங்கோ. மேசையில பூ வைக்கலாம்.”

“சாப்பாடு வைக்கேலாதோ?” என்றார் பரா.

“பூ மட்டும்.”

இதை எழுதுகிற ஆனி மாதத்தில் எங்கள் பின்வளவில் ஒரு அதிசயம் நிற்கிறது. மற்றப் புல் எல்லாம் வழமை போல வெளிறிக் கிடக்க, கிளென் தூவிக்கொண்டு நடந்த பாதை மட்டும் கரும்பச்சையாக, வேலியில் இருந்து சீமெந்து நடைபாதை வரைக்கும் வளைந்து வருகிறது. பராவுக்கு அதை வெட்ட மனமில்லை. சுகன்யா அதில் நின்று செல்ஃபி எடுத்துத் திருச்சிக்கு அனுப்பினாள். நேற்றுக் காலை துணி உலர்த்தப் போனபோது, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்க்க ஆசை வந்தது. சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போய் எங்கள் காணியைப் பார்த்தேன். கண்ணிவெடி எடுக்கிறவர்கள் சிவப்புக் கட்டைகள் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், அந்தப் பக்கம் இன்னும் பார்க்கவில்லை என்றார்கள். அங்கேயும் புல் இதே பச்சையாகத்தான் இருந்தது. என் சொந்தக் காணியின் ஓரத்தில் ஒற்றையடிப் பாதையில் நின்று, உள்ளே இருந்த கிணற்றைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வலது காலைப் பச்சைக்குள் வைத்தேன். குளிர்ந்து, மெத்தென்று இருந்தது. விரல்களுக்கிடையில் பனித்துளி நனைத்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்து பரா பார்த்தார்.

“உதென்ன நிலை? வாரும், இல்லாட்டிப் போம். கண்ணிவெடியே கிடக்குது? புல்லப்பா.”

“தெரியும்” என்றேன். எனக்குத் தெரியும். இடது கால் சீமெந்தில்தான் நின்றது. இரண்டும் சுகமாகத்தான் இருந்தன. தேத்தண்ணி ஆறுகிறது என்று அவர் இரண்டாம் தடவை கூப்பிடும்வரை அப்படியே நின்றேன்.